மைசூருக்குப் போன இசைத்தட்டுகள்

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்ஃபனி வாசிக்கப்பட்டது. ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்செர்ட் இசைக்குழு, நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். அதை ஒட்டித் தமிழில் வந்த கட்டுரைகளையும் வாழ்த்துக்களையும் ஒரு மாத காலம் விடாமல் படித்தேன். முதல் தமிழர், முதல் இந்தியர், முதல் ஆசியர் என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போனார்கள். முதல் பகுதியில் என்ன நடக்கிறது, இரண்டாவது பகுதி அதற்கு எவ்விதம் பதில் சொல்கிறது, குழல்களுக்கு என்ன கொடுத்திருக்கிறார், தந்திகளுக்கு என்ன கொடுத்திருக்கிறார் என்று சொன்ன ஒரு பத்தி நான் படித்தவற்றில் அகப்படவில்லை. சிம்ஃபனி என்பது நமக்கு இன்னமும் ஒரு பட்டம்; கேட்க வேண்டிய விஷயமாக ஆகவில்லை.

இதைக் குறையாகச் சொல்வதிலும் அர்த்தம் இல்லைதான். கேட்பதற்கு நமக்கு எது இருந்தது? எண்பது தொண்ணூறு பேரை மாதச் சம்பளத்தில் வைத்து, தினமும் ஒத்திகை நடத்தி, வாரம் இருமுறை அரங்கம் நிரப்ப ஆள் தேடும் ஒரு ஸ்தாபனம் இந்த நாட்டில் வேர் விட்டதில்லை. பம்பாயில் 1935-இல் மெஹ்லி மேத்தா தொடங்கிய சிம்ஃபனி குழு உண்டு. அவர் மகன் ஜுபின் மேத்தாவை உலகத்துக்குத் தந்ததோடு அதன் பெயர் நிற்கிறது. தொழில்முறையில் நடக்கும் ஒரு குழு பம்பாய் தேசிய நிகழ்கலை மையத்தில் அமைந்தது 2006-இல்தான். சென்னையில் ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுக்களைக் கேட்டு முத்துஸ்வாமி தீட்சிதர் அவற்றுக்கு சமஸ்கிருத சாஹித்யம் செய்தார்; நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது பாண்டு சங்கீதம். தெருவில் நடந்து வருகிற சங்கீதம். சிம்ஃபனி நடந்து வராது. நாம் அதனிடம் போக வேண்டும், அல்லது அது தட்டில் ஏறி நம்மிடம் வரவேண்டும்.

ஆகவே நம் தேசத்தில் சிம்ஃபனியின் சரித்திரம் என்று ஒன்று எழுதப்பட்டால் அது இசைத்தட்டுக்களின் சரித்திரமாகத்தான் இருக்க முடியும். அந்தச் சரித்திரத்தில் மிக விசித்திரமான அத்தியாயம் மைசூரில் நடந்தது. வெளிநாட்டு இசைப் பத்திரிகைகளில் அது ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. தமிழில் யாரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மைசூர் நமக்கு அந்நியமும் அல்ல. காவிரியில் ரங்கநாதர் மூன்று தீவுகளில் பள்ளிகொண்டிருக்கிறார் என்பது ஐதிகம்: ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்யரங்கம், எங்கள் ஸ்ரீரங்கம் அந்த்யரங்கம். மைசூர்க்காரர்கள் ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறார்கள், நாங்கள் கால்மாட்டில்.

ஜயசாமராஜ உடையார் 1919-இல் பிறந்தவர். பியானோவில் கச்சேரிக் கலைஞராகிவிட வேண்டும் என்பது வாலிபத்தில் அவருக்கு இருந்த ஆசை. 1940-இல் சில மாத இடைவெளியில் தந்தையும், பட்டத்தில் இருந்த பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் இறந்துபோக, இருபத்தொரு வயதில் சிம்மாசனம் ஏறினார். பியானோ அரண்மனைக்குள் தங்கிவிட்டது. லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட், டிரினிடி இசைக்கல்லூரியின் கௌரவ ஃபெலோ என்ற பட்டங்கள் மட்டும் பெயருக்குப் பின்னால் சேர்ந்தன. இதே மனிதர் வாசுதேவாச்சாரிடமும் வீணை வெங்கடகிரியப்பாவிடமும் சங்கீதம் கேட்டவர். 'ஸ்ரீவித்யா' என்ற முத்திரையில் 94 கிருதிகள் செய்தவர். கம்பீர நாட்டையில் 'ஸ்ரீ ஜாலந்தரம்' தமிழ்நாட்டு சபாக்களில் சகஜமாகக் காதில் விழுகிற பாட்டு. பாடுகிறவர்களில் பலருக்கு அவர் ஒரு ராஜா, தேவி உபாசகர் என்ற அளவுக்குத் தெரியும். அந்த ராஜாவின் அறைக்குள் இருபதாயிரம் இசைத்தட்டுக்கள் இருந்தன என்பதும், ஐரோப்பாவின் ஒரு முக்கியமான இசைக்குழு ஆரம்ப வருஷங்களில் அவர் பணத்தில் மூச்சு விட்டது என்பதும் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

அந்த இசைக்குழு ஃபில்ஹார்மோனியா. இ.எம்.ஐ. கம்பெனியின் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் வால்டர் லெக் 1945-இல் அமைத்தது. லெக் விசித்திரமான ஆள். சங்கீதம் முறையாகப் பயின்றவர் அல்ல. தன் காதை மட்டும் நம்பியவர். அவருடைய முதல் சாதனை குழு அமைத்தது கூட இல்லை, ஒரு விற்பனை முறை. 1931-இல் ஹ்யூகோ வோல்ஃபின் பாடல்களைத் தட்டாகப் போட ஹெச்.எம்.வி.யைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. யார் வாங்குவார்கள் என்று கம்பெனி கேட்டது. முன்பணம் கட்டுகிற 500 சந்தாதாரர்களைப் பிடித்துத் தருகிறேன், அதற்குப் பிறகு பதிவு செய்யுங்கள் என்றார் லெக். பிடித்தும் தந்தார். ஹ்யூகோ வோல்ஃப் சொஸைட்டி அப்படி ஏற்பட்டது. ஷ்னாபெல் வாசித்த பீத்தோவன் சொனாட்டாக்களும் அதே சொஸைட்டி வழியில்தான் தட்டுக்களாக வந்தன. இன்று உலகம் பூராவும் கொண்டாடும் ஒரு பதிவு, சில நூறு பேருடைய தபால் மணியார்டரில் பிறந்தது.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு இந்த ஏற்பாடு பரிச்சயமானது. சந்தா என்ற சொல்லை நாம் எவ்வளவு கூச்சத்துடன் உபயோகிக்கிறோம்! பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்காத ஒரு பத்திரிகை, முந்நூறு பேர் முன்கூட்டியே பணம் கட்டினால் வரும், கட்டாவிட்டால் நின்றுபோகும். 500 என்ற எண் லண்டனிலும் பெரிய எண்ணாகத்தான் இருந்தது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மெட்னர் சொஸைட்டி இந்த வழியில் வந்ததுதான், ஒரு வித்தியாசத்துடன். அதற்குச் சந்தாதாரர் ஒருவரே போதுமாக இருந்தது.

நிக்கொலாய் மெட்னர் 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். ராஹ்மனினவின் நெருங்கிய நண்பர். மெட்னர் தன் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை ராஹ்மனினவுக்கும், ராஹ்மனினவ் தன் நான்காவதை மெட்னருக்கும் அர்ப்பணித்துக்கொண்டார்கள். 1921-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, பெர்லினிலும் பாரீஸிலும் காலம் தள்ளி, 1930-களின் நடுவில் லண்டன் வந்து சேர்ந்தார். ராஹ்மனினவுக்கு அமெரிக்கா கிடைத்தது. மெட்னருக்குப் பியானோ டியூஷன் கிடைத்தது. யுத்தம் வந்ததும் ஜெர்மன் பதிப்பகத்திலிருந்து வந்த சொற்ப வருமானமும் நின்றது. 1942-இல் மாரடைப்பு. மூன்றாவது கான்செர்ட்டோவை எப்படியோ முடித்து 1944-இல் அரங்கேற்றினார். யாரும் அதிகமாகக் கவனிக்கவில்லை.

கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. 1935-இல் அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ராஹ்மனினவின் பதிப்பகம் பாரீஸில் அதை வெளியிட்டது. கலைத்தேவியும் ஃபாஷனும் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். நவீன சங்கீதத்தின் மீது ஒரு குற்றப்பத்திரிகை. சுருதி உறவுகளுக்கு மாறாத விதிகள் உண்டு, இசைக்கருத்து கலைஞன் கண்டுபிடிப்பதல்ல, அவனுக்கு அருளப்படுவது, அதை மறந்தவர்கள் வெறும் ஃபாஷனுக்கு ஊழியம் செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. ஷோன்பெர்க்கும் ஸ்ட்ராவின்ஸ்கியும் வந்துவிட்ட ஐரோப்பாவில் இப்படிப் பேசுபவரை எந்த இடத்தில் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியும். நம் பக்கங்களிலும் அவரை அந்த இடத்தில்தான் வைத்திருப்போம்; யாப்பைக் காப்பாற்ற வந்த புலவர் என்று ஒரு வரியில் முடித்திருப்போம்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. புதுமையை மறுத்தவர் என்ற காரணத்துக்காக ஒரு கலைஞனின் படைப்பைக் கேட்காமலே இருக்கலாமா? மெட்னரின் வாதங்கள் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவருடைய மூன்றாவது கான்செர்ட்டோவை அவரே வாசிக்கக் கேட்கும்போது அந்த வாதங்கள் எங்கேயோ போய்விடுகின்றன. கொள்கை பிற்போக்கு, காரியம் உயிருள்ளது என்ற நிலைமை இலக்கியத்திலும் நாம் பார்த்ததுதான். கொள்கையைப் பார்த்து மார்க் போடும் வழக்கம் நம் விமர்சனத்தில் வலதிலும் இடதிலும் வேரோடியிருக்கிறது.

மகாராஜாவுக்கு ஏன் மெட்னர் பிடித்தது என்பதற்கு ஒரு சௌகரியமான விளக்கம் சொல்லிவிடலாம்: கர்நாடக சங்கீதக்காரர், சம்பிரதாயம் என்றால் பிடிக்கும், அருளப்படும் இசை என்றதும் ஒட்டிக்கொண்டார் என்று. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இதே மகாராஜா கரயானைக் கொண்டு பலாகிரெவின் முதல் சிம்ஃபனியையும் ரூஸலின் நான்காவதையும் பதிவு செய்ய வைத்திருக்கிறார். ரூஸல் இருபதாம் நூற்றாண்டு ஆசாமி, 1937 வரை இருந்தவர், நரம்பு முறுக்கிய சங்கீதம். பலாகிரெவ் அப்போது கச்சேரி மேடைகளில் அபூர்வம். இந்த மூன்றுக்கும் பொதுவாக எனக்குப் படுவது ஒன்றுதான்: கடையில் கிடைக்காதவை. இருபதாயிரம் தட்டு வைத்திருந்தவருக்கு எது இல்லை என்று தெரிந்திருக்கிறது. ரசனை என்பது கடைசியில் இந்த ஞானம்தானோ என்னவோ.

1947-இல் பதிவு தொடங்கியபோது மெட்னருக்கு அறுபத்தேழு வயது, பலவீனமான இருதயம். ஃபில்ஹார்மோனியா குழுவோடு மூன்று கான்செர்ட்டோக்களையும் வாசித்தார். முதலாவதை ஜார்ஜ் வெல்டன் நடத்தினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் இஸ்ஸாய் டோப்ரோவன். டோப்ரோவனும் ரஷ்யாவை விட்டு வந்தவர், தாமே பியானோக்காரர். பிறகு சொனாட்டாக்கள், சிறு துண்டுகள், பாடல்கள். லெக்கின் மனைவியாகப் பின்னால் ஆன எலிஸபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பாட மெட்னரே பியானோ வாசித்த தட்டுக்கள் உண்டு.

தொழில்நுட்பம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவுகளின் சங்கீதமே அதற்குள் அடைபட்டிருக்கிறது. 78 சுற்றுத் தட்டு, 12 அங்குலம். ஒரு பக்கத்துக்கு 4 நிமிஷம் சொச்சம். இரண்டாவது கான்செர்ட்டோ முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போகும். அதைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு பக்கமாக வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். டேப் புழக்கத்துக்கு வராத காலம். வெட்டி ஒட்ட முடியாது. மூன்றரை நிமிஷம் வரை நன்றாகப் போய் நான்காவது நிமிஷத்தில் ஒரு கொம்பு பிசிறினால் அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி. பக்கம் முடிகிற இடத்தில் சங்கீதமும் மூச்சு வாங்குவதாக இருந்தால் அதிர்ஷ்டம். மூன்றாவது கான்செர்ட்டோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் மூன்று பகுதிகளும் இடைவெளி விடாமல் ஒன்றில் ஒன்று வழிகின்றன. லெர்மந்தவின் 'ருசால்கா' கவிதையிலிருந்து, நீருக்கடியில் வசிக்கும் பெண்ணின் கதையிலிருந்து கிளம்பியது அது. ஓடுகிற தண்ணீரைப் படி படியாக அளந்து எடுத்துத் தட்டில் ஊற்றியிருக்கிறார்கள்.

'டெஸ்டமெண்ட்' என்ற ஆங்கிலக் கம்பெனி இவற்றைக் குறுந்தகடாக மறுவெளியீடு செய்தது. பக்கங்களைச் சேர்த்துத் தைத்து விட்டார்கள். இருந்தாலும் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டால் சில இடங்களில் தையல் தெரிகிறது. அறையின் காற்று மாறுகிறது. அடியில் எப்போதும் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். மேலே கிழவரின் பியானோ. அவர் கைகள் அவசரப்படுவதில்லை. இடது கை ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வலது கை அதை மறுத்துக்கொண்டே போகிறது, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குரல், யாரும் அழைக்காமல், கிளம்புகிறது. முதல் தடவையில் பிடிபடவில்லை. ஐந்தாறு தடவை கேட்ட பிறகு, பாங்கில் பாஸ்புக் பதிந்துகொண்டிருக்கும் வேளையில், அந்த மூன்றாவது குரல் தானாக மனசில் வந்தது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் காலை நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஒரே நேரத்தில் மூன்று குரலைக் கேட்பது பழக்கத்தால் வர வேண்டிய காரியம். கமகத்தைத் தேடி ஏமாறுவதை நிறுத்திய அன்றுதான் கேட்கவே ஆரம்பிக்கிறோம்.

தட்டு எதனால் செய்யப்பட்டது என்பதும் இங்கே பொருந்தும். ஷெல்லாக், அதாவது அரக்கு. சோட்டா நாகபுரிக் காட்டு மரங்களில் ஒரு பூச்சி கக்குகிற பிசின். மிர்ஸாபூர்ப் பக்கம் காய்ச்சி வடித்துக் கப்பலேற்றுவார்கள். உலகத்தின் கிராமஃபோன் தட்டுக்களுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. யுத்த காலத்தில் அது கிடைக்காமல் இங்கிலாந்தில் பழைய தட்டுக்களை உடைத்து அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். ஆதிவாசி சுரண்டிய பிசின் லண்டனுக்கு அருகே ஹேய்ஸ் தொழிற்சாலைக்குப் போய், மாஸ்கோக்காரர் ஒருவரின் சங்கீதத்தை மேலே வாங்கிக்கொண்டு, மைசூர் அரண்மனைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். என் உத்தியோகம் அது. லெக்கின் நினைவுக் குறிப்புகள், ஷ்வார்ட்ஸ்காஃப் தொகுத்து 1982-இல் வந்தவை, மகாராஜா ஃபில்ஹார்மோனியாவை நிலைநிறுத்த ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று வருஷம் தர ஒப்புக்கொண்டார் என்கின்றன. மெட்னர் பதிவுச் செலவு தனி. அன்றைய மாற்று ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பவுனுக்கு ரூ. 13 அணா 5 சொச்சம். ஆண்டுக்கு ரூ. 1,33,000-க்கு மேல், மூன்று ஆண்டில் நாலு லட்சம். சுதந்திர இந்தியா மைசூருக்கு நிர்ணயித்த மன்னர் மானியம் ஆண்டுக்கு 26 லட்சம். இருபதில் ஒரு பங்கு, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வாசிக்கும் வயலின்காரர்களுக்கு.

இந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பவர்கள் இருப்பார்கள். நானும் லேசாகக் கடித்துக்கொள்கிறேன். மெட்னர் பதிவு தொடங்கிய அதே 1947-இல், செப்டம்பரில், பொறுப்பாட்சி கேட்டு 'மைசூர் சலோ' கிளர்ச்சி நடந்தது; அரண்மனையை நோக்கி ஜனங்கள் நடந்தார்கள், சிறைகள் நிரம்பின, அக்டோபரில்தான் மகாராஜா இணங்கி வந்தார். ராஜாவின் பணம் என்று ஒன்று தனியே முளைப்பதில்லை. அது குடியானவன் கொடுத்த வரி. அதை மறைத்து, கலை வளர்த்த கோமகன் என்று எழுத ஆஸ்தான வித்வான்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பணத்தை அவர் எதற்குச் செலவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லண்டனின் ஒரு முழுக்குழு அவர் கைச்செலவில் இருந்தது. ஃபில்ஹார்மோனியா கச்சேரி சொஸைட்டிக்கு 1948-இல் முதல் தலைவரும் அவர்தான். தன் கிருதி ஒன்றை ஐரோப்பிய வாத்தியங்களுக்கு அமைத்து வாசியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லெக் மறுநாளே ஏற்பாடு செய்திருப்பார். உலகத்தின் ராஜாக்களும் தனவந்தர்களும் இதைவிடக் குறைந்த பணத்துக்கு இதைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள். 94 கிருதிகள் செய்தவர், பியானோ வாசிக்கத் தெரிந்தவர், ஸ்வரக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரிந்தவர். இரண்டு சங்கீதங்களையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் வைத்துக்கொண்டு நடுக்கதவை மூடியே வைத்திருந்தார். கிருதிகளில் மேற்கத்திய வாடை கிடையாது. மெட்னரிடம் ராகம் கேட்கவும் இல்லை.

இது கட்டுப்பெட்டித்தனமா, மரியாதையா? மரியாதை என்றே எனக்குப் படுகிறது. நடுக்கதவைத் திறந்தவர்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. ரவிசங்கரின் சிதார் கான்செர்ட்டோ 1971 ஜனவரியில் லண்டன் சிம்ஃபனி குழுவோடு, ஆந்த்ரே பிரெவின் நடத்த அரங்கேறி, இ.எம்.ஐ. தட்டாகவும் வந்தது. கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ் என்று நாலு பகுதிக்கு நாலு ராகம். சிதார் பேசும்போது குழு வாய்மூடி நிற்கிறது. குழு பேசும்போது சிதார் சொன்னதையே தடிப்பான எழுத்தில் மறுபடி எழுதுகிறது. தொண்ணூறு பேர் சேர்ந்து ஒரு பெரிய தம்புராவாக ஆகியிருக்கிறார்கள். 1981-இல் ஜுபின் மேத்தாவுக்காகச் செய்த 'ராகமாலா' இதைவிடத் துணிச்சலானது, என்றாலும் பிரச்னை அதேதான். ஒரு ஸ்வரத்தை அசைத்து அதன் உள்ளே போகிற சங்கீதமும், ஸ்வரங்களை அசையாமல் நிறுத்தி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கட்டுகிற சங்கீதமும் சந்திக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்று தன் சுபாவத்தை விட வேண்டும்.

இளையராஜா இந்த விஷயத்தில் ரவிசங்கரை விட ஒரு படி மேல் என்பேன். அவர் ஹார்மனியை உள்ளிருந்து கற்றவர். மைசூர் மகாராஜாவைக் கௌரவித்த அதே டிரினிடி கல்லூரியின் கிதார்ப் பரீட்சையில் பதக்கம் வாங்கியவர். 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' சிம்ஃபனி அல்ல, சென்னைத் திரைப்பட ஸ்டூடியோ தந்திக்காரர்களை வைத்து செய்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பாஹையும் தியாகராஜரையும் தெரிந்த ஒரு மூன்றாவது மனிதனாகப் பேசுகிறது. நமக்கென்று ஒரு இசைக்குழு இருந்ததென்றால் அது கோடம்பாக்கத்தில், கால்ஷீட் கணக்கில், பெயர் போடப்படாமல் இருந்தது என்பதற்கு அந்தத் தட்டு சாட்சி. 2005-இல் புடாபெஸ்ட் சிம்ஃபனி குழுவோடு வந்த திருவாசகத்தை சிம்ஃபனி என்று அட்டையில் போட்டார்கள். அது ஆரட்டோரியோ, பாடகர், குழுப்பாடல், சொல் ஆகியவற்றை நம்பி நிற்கிற வடிவம். 'பொல்லா வினையேன்' சுமார் இருபது நிமிஷம் ஓடுகிறது. அவர் குரல் தனியாக நிற்கும் இடங்களில் மாணிக்கவாசகர் இருக்கிறார், குழு நிமிர்ந்து எழும் இடங்களில் ஹாலிவுட் எட்டிப் பார்க்கிறது.

1993-இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு, ஜான் ஸ்காட் நடத்த, அவர் பதிவு செய்த சிம்ஃபனி வெளிவரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தமிழர்கள் அந்தக் கேட்காத சங்கீதத்தைப் பற்றிப் பெருமைப்பட்டார்கள்; சண்டையும் போட்டுக்கொண்டார்கள். வெளியிடாமல் வைத்துக்கொள்வது ஒரு படைப்பாளியின் உரிமை, அதைக் குறை சொல்லமாட்டேன். என் கவலை கேட்கிறவனைப் பற்றியது. மகாராஜாவின் கதையில் இசையமைப்பாளரும் வாத்தியக்காரர்களும் கம்பெனியும் ஏற்கெனவே இருந்தார்கள். இல்லாதிருந்தது ஒரு கேட்பவன். அந்தக் காலியிடத்தில் போய் ஒருவர் உட்கார்ந்ததும் மெட்னரின் மூன்று கான்செர்ட்டோக்கள் காற்றோடு போகாமல் நின்றன. நம் கதையில் இசையமைப்பாளர் வந்துவிட்டார். கேட்பவனின் நாற்காலியில் ரசிகர் மன்றம் உட்கார்ந்திருக்கிறது.

மெட்னர் சொஸைட்டித் தட்டுக்கள் மூன்று தொகுதிகள் வந்தன. விற்பனையில் பிரமாதமாக ஒன்றும் நடக்கவில்லை. வேளையும் சரியில்லை. அமெரிக்காவில் 1948-இலேயே லாங்பிளே வந்துவிட்டது, இ.எம்.ஐ. பிடிவாதமாக 78-ஐக் கட்டிக்கொண்டிருந்து 1952-இல்தான் இறங்கி வந்தது. மெட்னர் அதற்குள், 1951 நவம்பரில், லண்டனில் இறந்துபோனார். மூன்றாவது கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கு என்று அர்ப்பணம் செய்திருந்தார். ஒருவருக்கு ராஹ்மனினவ், அடுத்ததற்கு ஜயசாமராஜ உடையார்.

இன்னொரு பதிவு பாக்கி இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948-இல், எண்பத்து நாலு வயதில், பெண்குரலுக்கும் முழுக்குழுவுக்குமாக நாலு பாடல்கள் எழுதினார். மூன்று ஹெர்மன் ஹெஸ்ஸேயின் கவிதைகள், ஒன்று ஐஷன்டார்ஃபுடையது. சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற சங்கீதம். (ஹெஸ்ஸே நமக்கு அன்னியரல்ல. இதே திருச்சியில் 'சிவாஜி' பத்திரிகை நடத்திய திருலோக சீதாராம்தான் சித்தார்த்தனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.) கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டட் பாட வேண்டும், முதல் தரமான குழுவும் நடத்துனரும் வேண்டும் என்பது ஸ்ட்ராஸின் விருப்பம். 1949 செப்டம்பரில் அவர் இறந்தார். 1950 மே 22-ஆம் தேதி ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஃப்ளாக்ஸ்டட் பாட, ஃபுர்ட்வேங்லர் நடத்த, ஃபில்ஹார்மோனியா வாசித்தது. அந்தக் கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கட்டியவர் மைசூர் மகாராஜா. இந்தியக் கணக்கில் ரூ. 22,800 சொச்சம். அதற்கு ஈடாக அவர் கேட்டது, அன்றைய கச்சேரியின் பதிவு தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்பதுதான்.

தட்டுக்கள் கப்பலில் மைசூருக்குப் போயின. அந்தப் பதிவு பிற்பாடு குறுந்தகடாக வெளியில் வந்தது. இரைச்சல் பயங்கரம், சில இடங்களில் குழு ஒரு போர்வைக்கு அடியிலிருந்து கேட்கிறது. ஷ்வார்ட்ஸ்காஃப் 1953-இலும் 1965-இலும் சுத்தமான ஸ்டூடியோவில் பாடியவை கடையில் கிடைக்கும். குறிப்பாக ஸெல் நடத்திய 1965 பதிவைக் கேட்கும் யாரும் ஃப்ளாக்ஸ்டட்டைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. நான் தேடிப் போய்க் கேட்பது அந்த இரைச்சலைத்தான். அந்தக் குரலுக்கு வயது ஐம்பத்து நாலு. கடைசிப் பாட்டில் இரண்டு புல்லாங்குழல்கள் வானம்பாடிகளாக மேலே ஏறும் இடம், தட்டின் கீறல்களுக்கு நடுவே, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி கேட்கிறது. முப்பது வயது மனிதர் ஒருவர், ராஜ்யம் கைவிட்டுப் போய் ராஜப்பிரமுகர் என்ற பட்டம் மட்டும் மிஞ்சிய அந்த வருஷத்தில், கூட உட்கார்ந்து பேச அரண்மனையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாத ஒரு சங்கீதத்தை, இதே இரைச்சலோடுதான் கேட்டிருப்பார்.

1964-இல் அவர் சென்னைக்குக் கவர்னராக வந்தார். 1966 ஜூன் வரை கிண்டி ராஜ்பவனில் இருந்தார். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்த 1965 அதற்கு நடுவில் வருகிறது. தமிழ்நாட்டு சரித்திரத்தில் அந்த இரண்டு வருஷங்களுக்கு அவர் பெயர் ஒரு கையெழுத்தாக மட்டும் நிற்கிறது. 1974 செப்டம்பரில் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. மெட்னரின் பெயரும் அப்போது ஐரோப்பாவிலேயே சில பியானோக்காரர்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தது. மறுவெளியீடுகளுக்கு இன்னும் சில வருஷங்கள் பாக்கி.